வரிசைக்கு ஏற்ப விரியும் கலப்பை: குதிரைக் கொத்துக் கலப்பையின் விரிநெம்புகோல் இயங்கும் விதம்

அமெரிக்காவின் நடுமேற்கு மாநிலங்களில் மக்காச்சோளம் நெடுங்காலம் 40 முதல் 42 அங்குல இடைவெளியில் விதைக்கப்பட்டது. இது பயிர் கேட்ட இடைவெளி அன்று. இரு வரிசைகளுக்கு நடுவே ஒரு குதிரை செடியை மிதிக்காமல் நடந்துபோக வேண்டும் என்பதால் அமைந்த இடைவெளி. டிராக்டர் வந்து, குதிரைகள் வயலை விட்டுப் போன பின்னரே வரிசைகள் 30 அங்குலத்துக்கு நெருங்கி வந்தன. குதிரை நடக்கும் அந்தச் சந்தில், அதன் பின்னால் களையை அறுத்துக்கொண்டு போன சிறு கருவிதான் ஒற்றைக் குதிரைக் கொத்துக் கலப்பை. அதன் அகலத்தைக் கூட்டவும் குறைக்கவும் உதவிய விரிநெம்புகோலைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

வரிசையில் விதைத்து, வரிசைகளுக்கு இடையே குதிரையை ஓட்டிக் களையெடுக்கலாம் என்று இங்கிலாந்தில் ஜெத்ரோ டல் 1730களில் நூல் எழுதி வாதிட்டார். செடிகள் மண்ணின் நுண்துகள்களையே வேரால் உண்கின்றன, ஆகவே மண்ணைப் பொடியாக்குவதுதான் உணவூட்டுவது என்று அவர் நம்பினார். அந்த விளக்கம் தவறு. ஆனால் இடையுழவால் விளைச்சல் கூடியது உண்மை. மண்ணிலுள்ள நீரையும் சத்தையும் பயிரோடு பங்குபோடும் களைகள் ஒழிந்ததே அதற்கு முதன்மையான காரணம். களை முளைத்துச் சில நாள்களே ஆகி, வேர் வெள்ளை நூல்போல இருக்கும்போது, மேல்மண்ணை ஐந்து சென்டிமீட்டர் கிளறினாலே அது வெயிலில் காய்ந்து சாகும். அதற்கு மேல் ஆழமாகப் போனால் பயிரின் பக்கவேர்கள் அறுபடும். எனவே இந்தக் கருவி அகலமாகவும் மேலோட்டமாகவும் வேலை செய்ய வேண்டும். அந்த அகலமும் ஒரே அளவாக நிற்கக் கூடாது. செடி சிறிதாக இருக்கையில் கொழு, அதாவது மண்ணைக் கிளறும் இரும்பு முனை, அதன் தண்டை ஒட்டிப் போகலாம். முழங்கால் உயரம் வந்த பிறகு வேர்கள் நடுவரைக்கும் பரவிவிடுவதால் ஒதுங்கிப் போக வேண்டும். கையால் விதைத்த வரிசையாக இருந்தால் ஒரே சாலிலேயே இடைவெளி ஓரிடத்தில் குறுகும், ஓரிடத்தில் விரியும்.

கருவியின் சட்டகத்தை மேலிருந்து பார்த்தால் கூர்முனை முன்னோக்கிய அம்புத்தலை போலிருக்கும். நடுவில் ஒரு நேரான இரும்புச் சட்டம். அதன் முன்முனையில் கீல். அந்தக் கீலிலிருந்து இடமும் வலமுமாகப் பின்னோக்கி இரண்டு பக்கச் சட்டங்கள். ஐந்து கொழுக்கள் கொண்ட கருவியில் ஒன்று கீலுக்குக் கீழே முன்முனையிலும், இரண்டு பக்கச் சட்டங்களின் நடுவிலும், இரண்டு அவற்றின் கடைசியிலும் பொருத்தப்பட்டிருக்கும்.

எளிமையான இந்த அமைப்புக்குள் ஓர் அழகான கணக்கு இருக்கிறது. பக்கச் சட்டத்தின் நீளம் 60 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நடுச்சட்டத்திலிருந்து அது 14.5 பாகை விலகி நின்றால், கடைசிக் கொழு நடுக்கோட்டிலிருந்து 15 சென்டிமீட்டர் தள்ளி நிற்கும். சட்டத்தின் பாதியில் இருக்கும் கொழு அதில் சரிபாதியான 7.5 சென்டிமீட்டர் தள்ளி நிற்கும். இப்போது சட்டத்தை 30 பாகைக்கு விரித்தால் கடைசிக் கொழு 30 சென்டிமீட்டருக்கும், நடுக்கொழு 15 சென்டிமீட்டருக்கும் நகரும். ஆக, மொத்த அகலம் 30இலிருந்து 60 சென்டிமீட்டராக இருமடங்கானாலும், ஐந்து கொழுக்களுக்கும் இடைப்பட்ட தூரம் எந்த நிலையிலும் சமமாகவே இருக்கிறது. ஒரே கீல் ஐந்து கொழுக்களையும் தாமாகப் பங்கிட்டு நிறுத்திவிடுகிறது. கொழுவின் அகலம் மட்டும் விரியாது என்பதால், 7.5 சென்டிமீட்டர் இடைவெளியில் மண் முழுவதையும் அறுத்த ஒடுக்கமான கொழு, 15 சென்டிமீட்டர் இடைவெளியில் நடுவே களையை விட்டுச்செல்லும். அப்போது இருபுறமும் சிறகு விரித்த அகலக் கொழுக்களை மாட்ட வேண்டும்.

இதற்குக் கொடுக்க வேண்டிய விலையும் ஒன்று உண்டு. சட்டம் திரும்பும்போது அதில் இறுகப் பூட்டிய கொழுவும் கூடவே திரும்புகிறது. மேலே சொன்ன எடுத்துக்காட்டில் குறுகிய நிலையில் நேராகப் பார்த்த கொழு, விரிந்த நிலையில் 15.5 பாகை உள்நோக்கித் திரும்பி, மண்ணைச் செடியிலிருந்து விலக்கி நடுச்சந்துக்குத் தள்ளும். இளம்பயிருக்கு இது நன்மை. இலை மண்ணுக்குள் புதையாது. தண்டுக்கு மண் அணைக்க வேண்டிய பருவத்திலோ இது நேர் எதிரான வேலை. அதனால் நல்ல கருவிகளில் கொழுவின் காலை ஒரு பற்றுவளையத்தில் மாட்டி, போல்ட்டைத் தளர்த்தி வேண்டிய பக்கம் திருப்பி முடுக்கும்படி அமைத்தார்கள். பக்கச் சட்டத்தை ஒரு கீலுக்குப் பதிலாக இரண்டு இணைத்தண்டுகளில் தொங்கவிட்டு, திரும்பாமல் பக்கவாட்டில் நகரச் செய்வது இன்னொரு வழி. அதில் கொழு எப்போதும் நேராகப் பார்க்கும். ஆனால் முன்முனைக் கொழுவுக்கும் அதன் இருபக்கக் கொழுக்களுக்கும் இடையில் மட்டும் வெளி பெருகிக்கொண்டே போகும். கீல், பற்றுவளையம் இரண்டும் சேர்ந்த முதல் வழியே மேல் என்பது என் எண்ணம். திருப்புவது பருவத்துக்கு ஓரிரு முறை செய்யும் வேலை. விரிப்பதோ நாள் முழுக்கச் செய்யும் வேலை.

விரிக்கும் வேலையை நெம்புகோல் செய்கிறது. பின்னால் நடப்பவரின் கைக்கு எட்டும் உயரத்தில், இரு மேழிகளுக்கும் நடுவில் அது நிற்கும். அதன் கீழ்முனை, நடுச்சட்டத்தின் மேல் முன்னும் பின்னும் நழுவும் ஓர் உறைக்குழாயைத் தள்ளும். அந்த உறைக்குழாயிலிருந்து இரண்டு குறுந்தண்டுகள் இருபக்கச் சட்டங்களுக்கும் போகும். பிடியை அழுத்தினால், ஸ்பிரிங்கால் இழுத்துப் பிடிக்கப்பட்ட நாக்கு, பல்வெட்டிய வில்தகட்டின் பள்ளத்திலிருந்து விடுபடும். கையை முன்னுக்கோ பின்னுக்கோ ஒரு பல் நகர்த்திப் பிடியை விட்டால், ‘டக்’கென்று அடுத்த பள்ளத்தில் விழும். குதிரையை நிறுத்த வேண்டியதில்லை, ஸ்பேனரைத் தேட வேண்டியதில்லை.

இந்தக் குறுந்தண்டுகள் நிற்கும் கோணம் கவனிக்கத்தக்கது. கொழுவை மண் பின்னோக்கி இழுக்கும்போது, விரிந்த பக்கச் சட்டங்கள் நடுவை நோக்கி மடங்கப் பார்க்கும். தண்டுகள் இடையில் முட்டுக்கொடுத்து அதைத் தடுக்கின்றன. தண்டுகள் நடுச்சட்டத்துக்குக் கிட்டத்தட்டச் செங்குத்தாக நின்றால், இடப்பக்க அழுத்தமும் வலப்பக்க அழுத்தமும் ஒன்றையொன்று எதிர்த்துத் தீர்ந்துவிடும். நெம்புகோலின் பல்லுக்கு மிகச் சிறு பங்கே வந்து சேரும். தண்டுகள் சாய்ந்திருக்கும் குறுகிய நிலையில் பல்லுக்கு வரும் பங்கு கூடும். அதுபோலவே, குறுகிய நிலையில் நெம்புகோலின் ஒரு பல் அகலத்தைச் சட்டென்று மாற்றும். விரிந்த நிலையில் அதே ஒரு பல் சிறிதளவே மாற்றும். அதாவது கொழு செடியின் தண்டை நெருங்கிவரும் இடத்தில்தான் கைக்கு நுட்பமான கட்டுப்பாடு கிடைக்கிறது.

ஆழத்தை முன்னாலுள்ள சிறு சக்கரம் தீர்மானிக்கிறது. சக்கரத்தை மேலே தூக்கினால் கொழு ஆழமாக இறங்கும். இழுவைச் சங்கிலியை மாட்டும் முன்கொக்கியில் ஒன்றன்மேல் ஒன்றாகத் துளைகள் இருக்கும். மேல்துளையில் மாட்டினால் கருவியின் முன்பக்கம் மண்ணை நோக்கி அமுங்கும். கீழ்த்துளையில் மாட்டினால் மேலெழும்பும்.

இத்தகைய கருவிகளைப் பரவலாக்கியவர்களில் பிலடெல்பியாவைச் சேர்ந்த சாமுவேல் லீட்ஸ் ஆலன் முக்கியமானவர். அவருடைய கருவிகள் ‘பிளானெட் ஜூனியர்’ என்ற பெயரில் விற்பனையாயின. 1889இல் பனிச்சறுக்கு வண்டி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றவரும் அவரே. அந்த வண்டி, அதன் சறுக்குத்தண்டுகளை வளைத்தால் திசை மாறும்படி அமைந்தது. பென்சில்வேனியாவிலும் ஒகாயோவிலும் டிராக்டரை வயலில் இறக்காத ஆமிஷ் என்ற கிறித்தவப் பிரிவின் உழவர்கள் இன்றும் குதிரையையே ஏரில் பூட்டுகிறார்கள்.

தமிழ்நாட்டில் பருத்தியும் கரும்பும் விளையும் நிலங்களில் மாட்டு ஏருக்கு ஏற்றபடி ‘ஜூனியர் ஹோ’ என்ற கருவி உண்டு. அதிலும் கீல் வைத்த சட்டகமும், வரிசைக்கு ஏற்பத் தள்ளி வைக்கக்கூடிய கொழுக்களும் இருக்கின்றன. ஒருமுனை தேய்ந்தால் தலைகீழாகத் திருப்பி மாட்டும் கொழு அது. குதிரைக்குச் சங்கிலி என்றால், இங்கே நுகத்தடி வரை நீளும் ஏர்க்கால். சங்கிலியில் கட்டிய கருவியை மேழியைச் சாய்த்து எளிதில் பக்கவாட்டில் நகர்த்தலாம். விறைப்பான ஏர்க்கால் அவ்வளவு இடம் கொடுக்காது. ஆகவே மாடு எந்தச் சாலில் நடக்கிறது என்பது இங்கே கூடுதல் முக்கியம் பெறுகிறது. அகலம் சரியாக இருக்கிறதா என்பதை முதல் சால் முடிந்ததும் குனிந்து பார்த்தே அறியலாம். கடைசிக் கொழு விட்ட கீற்றுக்கும் தண்டுக்கும் இடையிலுள்ள மண்ணை விரலால் கிளறினால் அறுபட்ட வெள்ளை வேர்நுனிகள் தென்படக் கூடாது. தென்பட்டால் கொழுக்களை உள்ளே தள்ளி வைத்துவிட்டு அடுத்த சாலில் இறங்க வேண்டும்.