டேப்பட் சத்தம் போட்டால் போடட்டும்

இப்படி வால்வு எரிந்து என் ஷெட்டுக்கு இந்த வருடத்தில் வந்த மூன்றாவது ஹெட் (வால்வுகள் உட்கார்ந்திருக்கும் என்ஜினின் மேல்பகுதி) இது. போன வாரம் ஒரு பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் வந்தது. சென்னையிலேயே பிறந்த வண்டி, 948 சிசி என்ஜின். வேறொரு ஷெட்டில் முழு என்ஜின் வேலை முடிந்து 1,200 கிலோமீட்டர்கூட ஓடவில்லை. ஈசிஆரில் பாண்டிச்சேரி போய்த் திரும்பும்போது மிஸ் அடிக்க ஆரம்பித்ததாம். கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் சேரும் அழுத்தம், பார்த்தேன். நான்கில் மூன்று சிலிண்டர் 120 பவுண்டுக்கு மேல் காட்டின, மூன்றாம் நம்பர் சிலிண்டர் மட்டும் 50-ஐத் தொடவில்லை. ஹெட்டைக் கழற்றினால் அதன் எக்ஸாஸ்ட் வால்வின் (எரிந்த வாயுவை வெளியே விடுவது) விளிம்பு எலி கடித்த அப்பளம் மாதிரி இருக்கிறது.

டேப்பட்டை, அதாவது வால்வுக்கு மேலே விடும் இடைவெளியை, யார் செட் செய்தார்கள் என்று வண்டிக்காரரிடம் கேட்டேன். "நான்தான் சார் சொல்லிச் செய்ய வைத்தேன். டிக்டிக்கென்று சத்தம் வந்தது. சத்தம் நிற்கும்வரை டைட் பண்ணச் சொன்னேன். அப்புறம் வண்டி பட்டு மாதிரி ஓடியது" என்றார்.

அந்தப் பட்டுக்குத்தான் இப்போது ஒரு வால்வும், ஒரு சீட்டும் (வால்வு மூடும்போது உட்காரும் இடம்), லேத்துக் கூலியும், இன்னொரு ஹெட் கேஸ்கெட்டும்.

சத்தம் வந்தால் கோளாறு, சத்தம் நின்றால் சரி என்று யார் சொல்லிக் கொடுத்தார்களோ தெரியவில்லை. இன்றைய கார்கள் பலவற்றில் ஹைட்ராலிக் லிஃப்டர் இருக்கிறது, இடைவெளியை ஆயிலே பார்த்துக்கொள்ளும். அந்தக் காது பழகிப்போய் 1960களின் என்ஜினிடமும் அதே அமைதியை எதிர்பார்க்கிறோம். ஹெரால்டில் ராக்கருக்கும் (வால்வை அழுத்தித் திறக்கும் கை) வால்வுத் தண்டுக்கும் நடுவே 10 தௌ (ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இடைவெளி விடச் சொல்கிறது புத்தகம், அதாவது கால் மில்லிமீட்டர். அந்த இடைவெளியை ராக்கர் ஒவ்வொரு முறை கடக்கும்போதும் ஒரு தட்டு தட்டும். என்ஜின் 3,000 ஆர்பிஎம்மில் ஓடினால் ஒரு வால்வு நிமிடத்துக்கு 1,500 தடவை திறக்கிறது. எட்டு வால்வு சேர்ந்தால் தையல் மெஷின் மாதிரிதான் கேட்கும். கேட்க வேண்டும்.

இடைவெளி எதற்கு? எக்ஸாஸ்ட் வால்வு சூட்டில் நீளும். இடமில்லாவிட்டால் முழுதாக மூடாது. அது தன் சூட்டைப் பெரும்பாலும் சீட்டில் உட்கார்ந்திருக்கும் நேரத்தில்தான் ஹெட்டுக்குக் கொடுத்து ஆறுகிறது. உட்கார விடாவிட்டால், எரிகிற வாயு அந்தச் சின்னச் சந்து வழியே சீறிக்கொண்டு போய் விளிம்பைத் தின்றுவிடும். இதெல்லாம் நடக்கும்போது சத்தமே வராது. கெடுதல் முழுவதும் அமைதியாகத்தான் நடக்கிறது.

இன்னொன்றையும் பலர் நம்புவதில்லை. "முன்பு சத்தம் போட்டது சார், ஓட ஓடத் தானாகவே குறைந்துவிட்டது" என்று சந்தோஷமாகச் சொல்வார்கள். எனக்கு வயிற்றைக் கலக்கும். இந்தியாவில் 2000 பிப்ரவரியோடு ஈயம் கலந்த பெட்ரோல் போய்விட்டது. பழைய இரும்பு ஹெட்டில் வெட்டிய சீட்டுக்கு அந்த ஈயம்தான் மெத்தை. இப்போது சீட் தேய்ந்து வால்வு உள்ளே இறங்குகிறது, தண்டு மேலே ஏறுகிறது, இடைவெளி சுருங்குகிறது. ஆக, தானாகக் குறைந்த சத்தம் கூடுகிற சத்தத்தைவிட மோசம். ஹெட் வேலை செய்யும்போதே கடினமான எக்ஸாஸ்ட் சீட் போட்டுவிடுங்கள். அந்தச் செலவில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.

சரி, 10 தௌ சரியாக வைத்தும் சத்தம் பலமாக இருந்தால்? ராக்கரைக் கழற்றி அதன் மூக்கைப் பாருங்கள். வருடக்கணக்கில் வால்வுத் தண்டு அடித்து அடித்து அங்கே ஒரு பள்ளம் விழுந்திருக்கும். இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜ் தகடு அந்தப் பள்ளத்தின் மேல் பாலம் மாதிரி நிற்கும். பள்ளம் 5 தௌ என்றால், நீங்கள் 10 என்று நினைப்பது உண்மையில் 15. இதற்கு மருந்து திருப்புளி இல்லை. மூக்கை அதன் வளைவு கெடாமல் லேசாகத் தேய்த்துச் சமப்படுத்த வேண்டும், இல்லையென்றால் ராக்கரை மாற்ற வேண்டும். மேலே உள்ள கடினத் தோல் மெல்லியது, கிரைண்டரை வைத்து ஒரேயடியாக இழுத்துவிடாதீர்கள். ராக்கர் ஷாஃப்டின் அடிப்பக்கத்தையும் விரலால் தடவிப் பாருங்கள், படி தட்டினால் அதுவும் போச்சு. புதுப்பேட்டை பழைய பார்ட்ஸ் கடைகளில் "புதுசு மாதிரி" என்று கொடுப்பதையும் இப்படித் தடவிப் பார்த்த பிறகே காசைக் கொடுங்கள்.

என்ஜின் கூட்டும்போது எல்லா அட்ஜஸ்ட்மென்ட் திருகையும் முதலில் நன்றாகத் தளர்த்தி வையுங்கள். அப்புறம் ராக்கர் ஷாஃப்டை இறுக்குங்கள். ஒவ்வொரு புஷ் ராடும் (ராக்கரைக் கீழிருந்து தள்ளும் கம்பி) கீழே கிண்ணத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்று கையால் சுற்றிப் பாருங்கள். அவசரப்பட்டு புஷ் ராடை வளைத்தவர்கள் பட்டியலில் நானும் உண்டு.

செட்டிங் செய்யும்போது என்ஜின் ஆறியிருக்க வேண்டும். ஆறியது என்றால் ராத்திரி முழுக்க நின்றது, ஒரு டீ குடிக்கிற நேரம் இல்லை. பிளக்கைக் கழற்றி, டாப் கியரில் வண்டியை மெல்லத் தள்ளினால் என்ஜின் சுற்றும். முன்னாலிருந்து எண்ணி எட்டாவது வால்வு முழுக்க அமுங்கியிருக்கும்போது ஒன்றாவதைச் செட் செய்யுங்கள். ஆறாவது அமுங்கினால் மூன்றாவது. இரண்டு எண்ணும் கூட்டினால் ஒன்பது வர வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. தகடு லேசான பிடிப்போடு நழுவ வேண்டும். லாக் நட்டை இறுக்கும்போது திருகும் கூடவே சுற்றும், அதனால் இறுக்கிய பிறகு மறுபடி அளக்காமல் அடுத்ததற்குப் போகாதீர்கள். எட்டு அளவையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். அடுத்த தடவை எது சுருங்கியது என்று அந்தத் தாள்தான் சொல்லும்.

கடைசியாக ஒன்று, கெஞ்சியே கேட்கிறேன். புது ஹெட் கேஸ்கெட் சூட்டில் அமுங்கும். 500 கிலோமீட்டரில் ஹெட் நட்டை மறுபடி முறையாக இறுக்க வேண்டும், இறுக்கினால் டேப்பட் இடைவெளி குறையும், மறுபடி செட் செய்ய வேண்டும். வண்டி நன்றாகத்தானே ஓடுகிறது என்று பாதிப் பேர் வருவதே இல்லை. அந்த வேலைக்கு நான் பில் போடுவதும் இல்லை. முந்தின நாள் சாயங்காலமே ஓட்டி வந்து ஷெட்டில் விட்டுவிட்டுப் போங்கள், காலையில் ஆறியிருக்கும்.