மைக்ரேன்: ஒற்றைத் தலையிடி என்றால் ஒரு பக்கம்தானா?

மைக்ரேன் என்ற சொல்லின் பூர்வீகம் கிரேக்கம். 'ஹெமி' பாதி, 'கிரானியன்' மண்டையோடு. இரண்டும் சேர்ந்த 'ஹெமிக்ரானியா' லத்தீனுக்குப் போய், பிரெஞ்சுக்காரர் வாய்க்கு வருவதற்குள் தன் தலைப்பகுதியையே பறிகொடுத்து மைக்ரேன் ஆகிவிட்டது. ஆயுர்வேதத்தின் 'அர்த்தாவபேதகம்' என்ற பெயரிலும் அதே பாதிதான் இருக்கிறது.

தமிழில் ஒற்றைத் தலைவலி. இலங்கையில் நமக்குத் தலைவலியைவிடத் தலையிடிதான் பழக்கம் என்பதால், வெள்ளவத்தை வீடுகளில் அது ஒற்றைத் தலையிடி. சிங்களத்தில் 'இருவாரதய'. இதில் 'இரு' என்பது சூரியன். ஞாயிற்றுக்கிழமையை 'இரிதா' என்கிறார்களே, அதில் இருப்பதும் அதுவே. மத்தியான வெயிலில் காலி வீதியில் பஸ்ஸுக்கு நின்றவர்களுக்கு இந்தப் பெயரைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை.

'ஒற்றை' என்பதில்தான் சிக்கல். மைக்ரேன் இரண்டு பக்கமும் இடிக்கலாம். 'எனக்கு முழுத் தலையும்தான் இடிக்குது, அப்ப இது அதில்லை' என்று பனடோலோடு காலம் தள்ளும் பெண்கள் எத்தனையோ பேர். துடிப்பது போன்ற வலி, குமட்டல், வெளிச்சமும் சத்தமும் தாங்காமை, படியேறினால் கூடுவது, மருந்தில்லாவிட்டால் 4 முதல் 72 மணிநேரம் நீடிப்பது: பார்க்க வேண்டியவை இவை. ஒற்றைத் தலையிடி நல்ல பெயர்தான், அதை வரைவிலக்கணமாக எடுக்காதவரை.

பருவமடையும் வரை ஆண், பெண் வேறுபாடு பெரிதாக இல்லை. அதன்பின் பெண்களுக்கு ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகம். மாதவிடாய்க்குச் சற்று முன் ஈஸ்ட்ரஜன் என்ற பெண் ஹோர்மோன் சரிவதுதான் முக்கிய தூண்டுதல். இரத்தப்போக்குத் தொடங்க இரண்டு நாள் முன்பிருந்து மூன்றாம் நாள் வரை மாதாமாதம் வருவதை மாதவிடாய் மைக்ரேன் என்பார்கள். கர்ப்பத்தின் பிற்பகுதியில் பலருக்குத் தணிகிறது. மாதவிடாய் நிற்கப்போகும் ஆண்டுகளில் தாறுமாறாகி, பிறகு அடங்குவதுண்டு.

டொக்டரைச் சனல் பண்ணிப் போகும்போது, தலையிடி வந்த நாட்களையும் மாதவிடாய்த் திகதிகளையும் குறித்த கொப்பி ஒன்று கையில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. வலி தொடங்கியதுமே குளிசை எடுத்தால்தான் நன்றாகக் கேட்கும். பனடோல், இபுபுரூபன் போதாவிட்டால் சுமாட்ரிப்டான் போன்ற ட்ரிப்டான் வகை மருந்துகள் உண்டு. ஆனால் சாதாரண வலிநிவாரணி மாதம் 15 நாட்கள், ட்ரிப்டான் 10 நாட்கள் என்று போனால் மருந்தே தலையிடியைக் கொண்டுவரும். அடிக்கடி வருபவர்களுக்குப் புரோப்ரனோலோல் போன்ற தடுப்பு மருந்துகள் தருவார்கள். ஆஸ்துமா இருந்தால் புரோப்ரனோலோல் ஆகாது. தடுப்புக்கு வல்புரோயேட், டோபிரமேட் எடுப்பவர்கள் பிள்ளைக்குத் திட்டமிடுமுன்பே டொக்டரிடம் பேச வேண்டும், கருவைப் பாதிக்கும்.

அப்புறம், வலிக்கு முன் கண்ணில் கோணல்மாணலான கோடுகளாக வெளிச்சம் தெரிபவர்கள் ஈஸ்ட்ரஜன் கலந்த குடும்பக் கட்டுப்பாட்டுக் குளிசையைத் தவிர்க்க வேண்டும், பக்கவாத ஆபத்து கூடும். திடீரென்று இதுவரை கண்டிராத கடும் தலையிடி, வாய் குழறல், கைகால் பலமிழத்தல், இவற்றில் எது வந்தாலும் சனல் பண்ணிக் காத்திருக்காமல் 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழைக்க வேண்டும்.