பழைய லேப்டாப் செல்லில் பவர் பேங்க் செய்பவர்களுக்கு

வட சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் பழுது பார்க்கும் தொழிலில் இருக்கும் என்னிடம், வழக்கமான டிவி, மிக்சி, இன்வெர்ட்டர் ஆகியவற்றோடு, பாலிடெக்னிக் மாணவர்களும் வேலைக்குப் போகும் இளைஞர்களும் தாங்களே வீட்டில் செய்த சாதனங்களையும் இப்போது கொண்டு வருகிறார்கள். ரிச்சி தெருவில் வாங்கிய ஆர்டுயினோ, சென்சார், ரிலே போர்டு என்று அவர்கள் செய்து பார்ப்பது எனக்கு மகிழ்ச்சி தருவதுதான். அவற்றில் பெரும்பாலானவை 5 வோல்ட்டில் ஓடுபவை. இணைப்பு மாறிப் போனால் போர்டு போகும், கொஞ்சம் புகை வரும், அத்தோடு முடிந்தது. ஆனால் அந்த 5 வோல்ட் எங்கிருந்து வருகிறது என்று பெட்டியைத் திறந்து பார்த்தால்தான் பல நேரங்களில் வயிற்றைக் கலக்குகிறது. சர்க்யூட்டுக்கு இவ்வளவு மெனக்கெட்ட பிள்ளைகள், அதற்கு மின்சாரம் தரும் லித்தியம் அயன் பேக்கை (பல செல்களைச் சேர்த்துக் கட்டிய பேட்டரியை) கையில் கிடைத்த செல்களை வைத்து ஒப்பேற்றியிருக்கிறார்கள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தின்போது வட சென்னையின் பல தெருக்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அதற்குப் பிறகு சொந்தமாகப் பவர் பேங்க், எமர்ஜென்சி விளக்கு, வைஃபை ரூட்டருக்கான பேக்கப் ஆகியவற்றைச் செய்யும் ஆர்வம் எங்கள் பக்கத்தில் கூடிவிட்டது. புதிய செல் வாங்கினால் கட்டுப்படியாகாது என்பதால், காயலான் கடையில் எடைக்கு வரும் பழைய லேப்டாப் பேட்டரிகளை உடைத்து, உள்ளே இருக்கும் 18650 செல்களை எடுத்துக்கொள்கிறார்கள். 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம், உருளை வடிவம் என்பதைத்தான் அந்த எண் குறிக்கிறது. இதில் நியாயமும் இருக்கிறது: லேப்டாப் பேட்டரி செத்துவிட்டது என்று தூக்கிப் போடும்போது, பெரும்பாலும் அதில் ஒரு ஜோடி செல்தான் கெட்டிருக்கும், மற்றவற்றில் உயிர் இருக்கும். எனவே பழைய செல்லைத் தொடவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. எந்தப் பேக்கிலிருந்து வந்தது, எவ்வளவு நாள் சும்மா கிடந்தது, நனைந்ததா, அடிபட்டதா என்று எதுவும் தெரியாத செல்லை, மீட்டரில் வோல்டேஜ் காட்டுகிறது என்ற ஒரே காரணத்துக்காகப் பேக்கில் சேர்க்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

வண்ணாரப்பேட்டையைச் சேர்ந்த ஒரு மாணவர் பிளாஸ்டிக் டிபன் டப்பாவுக்குள் ஆறு செல்களை அடுக்கி, சைக்கிளில் மாட்டும் ஸ்பீக்கருக்காகச் செய்த பேக்கைக் கொண்டு வந்திருந்தார். சார்ஜ் நிற்கவில்லை என்பது புகார். “அண்ணே, செல் எல்லாம் நல்லாத்தான் இருக்கு, ஒவ்வொண்ணா மீட்டர் வெச்சுப் பாத்தேன், 4.1 காட்டுது” என்றார். செல்களை வெளியே எடுத்துப் பார்த்தோம். இரண்டு செல்களின் பாசிட்டிவ் மூடியைச் சுற்றிப் பச்சையும் பழுப்புமாகத் துரு கட்டியிருந்தது. இன்னொன்றின் மேல் இருக்கும் பிளாஸ்டிக் உறை, பழைய பேக்கிலிருந்து நிக்கல் பட்டையைப் பிய்த்தபோது, தோளருகே அரை நகம் அளவுக்குக் கிழிந்திருந்தது. அந்தக் கிழிசலுக்கு நேர் மேலே ஒரு தடித்த சிவப்பு ஒயரை ஈயத்தைக் கொட்டிப் பற்றவைத்திருந்தார்.

அந்தக் கிழிசல் ஏன் ஆபத்து என்பதைப் பலர் அறிந்திருப்பதில்லை. டார்ச் லைட் செல்லைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, மேலே பாசிட்டிவ், அடியில் நெகட்டிவ் என்றுதான் தோன்றும். உண்மையில் 18650 செல்லின் உலோகக் கூடு முழுவதும் நெகட்டிவ். அடிப்பாகம் மட்டுமல்ல, பக்கவாட்டும், மேலே பாசிட்டிவ் மூடியைச் சுற்றி மடிந்திருக்கும் விளிம்பும்கூட நெகட்டிவ்தான். பாசிட்டிவ் மூடிக்கும் அந்த விளிம்புக்கும் இடையே ஒரு சிறிய இன்சுலேஷன் வளையமும், அதன் மேல் அந்த மெல்லிய உறையும் மட்டுமே நிற்கின்றன. உறை கிழிந்த இடத்தில் பாசிட்டிவ் ஒயரோ பட்டையோ அழுந்தினால் நேரடி ஷார்ட். ஒரு நல்ல செல் அந்த நிலையில் பல பத்து ஆம்பியர் மின்சாரத்தைத் தள்ளும். பேக்கில் ஃபியூஸ் வைக்கும் பழக்கம் நம் பிள்ளைகளிடம் அறவே இல்லை. புதிய உறையும், பாசிட்டிவ் முனையில் ஒட்டும் காகித வளையமும் விற்கிறார்கள். இரண்டையும் மாற்றாமல் பழைய செல்லைப் பேக்கில் சேர்க்கக் கூடாது.

மீட்டர் காட்டிய அந்த 4.1 வோல்ட்டுக்கு வருகிறேன். லித்தியம் அயன் செல் முழுச் சார்ஜில் 4.2 வோல்ட் காட்டும், சராசரியாக 3.6 அல்லது 3.7. சுமை, அதாவது மின்சாரம் எடுக்கும் சாதனம், ஏதும் இல்லாமல் மல்டிமீட்டரை வைத்தால், கொள்ளளவில் முக்கால் பங்கை இழந்த செல்லும் சார்ஜ் ஏற்றிய கையோடு 4.1 காட்டத்தான் செய்யும். செல்லின் உடல்நலத்தைச் சொல்பவை வேறு மூன்று அளவுகள்: அது உண்மையில் எவ்வளவு மில்லி ஆம்பியர் மணி (கொள்ளளவின் அலகு) தருகிறது, அதன் உள்மின்தடை எவ்வளவு, சும்மா வைத்தால் தானாக எவ்வளவு இறங்குகிறது. முதல் இரண்டையும் அளக்கச் செல் டெஸ்டர்கள் கிடைக்கின்றன. மூன்றாவதற்குப் பொறுமை மட்டும் போதும், ஆனால் அதைத்தான் யாரும் செய்வதில்லை. முழுச் சார்ஜ் ஏற்றி, ஒவ்வொரு செல்லின் மேலும் தேதியையும் வோல்டேஜையும் எழுதி, தனித்தனியே இரண்டு வாரம் வைத்துவிட்டுத் திரும்ப அளந்து பாருங்கள். 4.1 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிய செல்லை நான் சேர்ப்பதில்லை. தானாக இறங்குகிறது என்றால் உள்ளே எங்கோ கசிகிறது என்று பொருள். சார்ஜ் ஏறும்போது தொட்டால் சூடு தெரியும் செல்லும் அதே ரகம்தான். மேலே சொன்ன ஆறு செல்களில் இந்தச் சோதனையைத் தாண்டியவை இரண்டு மட்டுமே.

இதைவிட மோசமான வேலை, அடியோடு இறங்கிப்போன செல்லைத் தட்டி எழுப்புவது. வருடக்கணக்கில் கிடந்த பேக்கில் சில செல்கள் 1 வோல்ட், 0.5 வோல்ட் என்று காட்டும். இன்னொரு நல்ல செல்லோடு சில நிமிடம் சேர்த்துப் பிடித்தால் உயிர் வந்துவிடும் என்று ஒரு உபாயம் காணொளிகளில் சுற்றுகிறது. வோல்டேஜ் ஏறுவதும் உண்மைதான். ஆனால் செல் ஏறக்குறைய 2 வோல்ட்டுக்குக் கீழே நெடுநாள் கிடந்தால், நெகட்டிவ் பக்கத்துச் செம்புத் தகடு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து திரவத்தில் கலக்கிறது. மறுபடி சார்ஜ் ஏற்றும்போது அந்தச் செம்பு வேறு இடங்களில் போய்ப் படிகிறது. இரு மின்முனைகளையும் பிரித்து வைத்திருப்பது 20 மைக்ரான் அளவிலான பிளாஸ்டிக் படலம். படிந்த செம்பு அதைத் துளைத்துவிட்டால் செல்லுக்கு உள்ளேயே ஷார்ட் ஆகிவிடும். அதை வெளியே இருக்கும் எந்தப் பாதுகாப்புப் போர்டாலும் தடுக்க முடியாது. வெள்ளத்தில் நனைந்த பேக்கிலிருந்து வந்த செல்லும் இதே கணக்கில் சேரும், காரணம் வேறாக இருந்தாலும். காசிமேடு, திருவொற்றியூர் போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக் காற்றிலேயே மூடியோரம் துருப்பிடிக்கிறது என்றால், சாக்கடை கலந்த தண்ணீரில் ஊறியதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

சார்ஜர் போர்டு விஷயத்தில் ஒரு சின்னக் குழப்பம் பெரிய தொல்லை தருகிறது. டிபி4056 என்ற சிப் வைத்த சிறிய போர்டு எங்கும் கிடைக்கிறது, மலிவும்கூட. அது இரண்டு வகையில் வருகிறது. ஒன்று சார்ஜ் ஏற்றுவதோடு சரி. மற்றொன்றில் டிடபிள்யூ01 என்ற பாதுகாப்புச் சிப்பும் சேர்ந்திருக்கும். செல் அளவுக்கு மீறி இறங்கினாலோ ஷார்ட் ஆனாலோ அது இணைப்பைத் துண்டிக்கும். பேட்டரிக்கு இரண்டு முனைகள், அவுட்புட்டுக்குத் தனியே இரண்டு முனைகள் இருந்தால் அது பாதுகாப்பு உள்ள போர்டு. பாதுகாப்பு உள்ளதை வாங்கிய பிறகும் சுமையை நேராகப் பேட்டரி முனையிலேயே பற்றவைத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள்; அப்படிச் செய்தால் பாதுகாப்புச் சிப் சும்மா வேடிக்கைதான் பார்க்கும். இன்னொன்று, இந்தப் போர்டு வரும்போதே 1 ஆம்பியர் தரும்படி 1.2 கிலோ ஓம் ரெசிஸ்டரோடு வருகிறது. 18650 செல்லுக்கு அது சரி. பழைய ப்ளூடூத் ஸ்பீக்கரிலிருந்து எடுத்த 400 மில்லி ஆம்பியர் மணி செல்லுக்கு அதையே மாட்டினால் அந்தச் செல் உப்பிவிடும். அந்த ரெசிஸ்டரை எடுத்துவிட்டு 10 கிலோ ஓம் வைத்தால் மின்னோட்டம் சுமார் 130 மில்லி ஆம்பியராகக் குறையும்.

செல்களை ஒன்றன் பின் ஒன்றாகத் தொடராக இணைக்கும்போது ஆபத்து வேறு வடிவம் எடுக்கிறது. மூன்று செல் தொடருக்கு முழுச் சார்ஜ் 12.6 வோல்ட். அந்த 12.6, மூன்று 4.2 சேர்ந்தும் வரலாம், 4.0, 4.2, 4.4 சேர்ந்தும் வரலாம். சார்ஜருக்கு இரண்டும் ஒன்றே, ஆனால் 4.4-க்கு ஏறிய செல் அபாய எல்லைக்குள் போய்விட்டது. வயது வேறு, கம்பெனி வேறு என்று கலந்து கட்டிய பழைய செல்களில் இந்த ஏற்றத்தாழ்வு ஒவ்வொரு சார்ஜிலும் வளரும். ஒவ்வொரு செல்லையும் தனித்தனியே கண்காணித்துச் சமன்செய்யும் பிஎம்எஸ் போர்டு இல்லாமல் தொடர் இணைப்பு கூடாது. பிஎம்எஸ் இருந்தால் சார்ஜர் எதுவானாலும் சரி என்று பழைய ரூட்டர் அடாப்டரைச் சொருகுவதும் தவறு. டிரான்ஸ்ஃபார்மர் வைத்த பழைய 12 வோல்ட் அடாப்டர் சுமையில்லாதபோது 16, 17 வோல்ட் வரைகூடத் தரும். லித்தியத்துக்கென்று 12.6 வோல்ட்டில் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தித் தரும் சார்ஜரையே பயன்படுத்த வேண்டும்.

சால்டரிங் அயனைச் செல்லின் மேல் நேராக வைக்காதீர்கள். அந்தச் சூடு உள்ளிருக்கும் பிளாஸ்டிக் படலத்தையும் மூடியின் வளையத்தையும் பதம் பார்க்கும். நிக்கல் பட்டையை ஸ்பாட் வெல்டிங் செய்து தரும் பேட்டரிக் கடைகள் இருக்கின்றன, இல்லையென்றால் செல் ஹோல்டர் போதும். புதிய செல் வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: 9,900 மில்லி ஆம்பியர் மணி என்று அச்சிட்ட 18650 செல் பொய். பரவலாகக் கிடைப்பவற்றில் 3,500 அளவே இந்த உருவத்துக்கு உயர்ந்த ரகம். நல்ல செல்லின் எடை 45 கிராம் அளவில் இருக்கும். கையில் எடுத்தவுடனே லேசாகத் தெரிந்தால் வைத்துவிட்டு வாருங்கள்.

நம் ஊரின் வெயிலையும் வீடுகளின் அமைப்பையும் பற்றியும் சொல்ல வேண்டும். இந்தச் செல்களைச் சார்ஜ் செய்ய உச்ச வரம்பு பொதுவாக 45 டிகிரி செல்சியஸ். அக்கினி நட்சத்திரக் காலத்தில் ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழ், மூடிய டப்பாவுக்குள் இருக்கும் பேக் அந்த வரம்பை எட்டச் சார்ஜரின் சூடுகூடத் தேவையில்லை. வியாசர்பாடி, பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கத்து ஒற்றை அறை வீடுகளில் படுப்பதும் சமைப்பதும் சார்ஜ் போடுவதும் ஒரே இடத்தில்தான், அதுவும் பெரும்பாலும் கதவோரத்து பிளக் பாயிண்டில். செல் வெடித்தால் வெளியேறும் ஒரே வழியில் நெருப்பு இருக்கும். ஆகவே வீட்டில் செய்த பேக்கை இரவில் சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்கக் கூடாது. மெத்தை, துணி, பரண் ஆகியவற்றிலிருந்து தள்ளி, சிமென்ட் தரையில், ஆள் விழித்திருக்கும்போது மட்டும் சார்ஜ் போட வேண்டும்.

லித்தியம் என்றாலே, தீப்பிடித்தால்கூடத் தண்ணீர் படக்கூடாது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. லித்தியம் அயன் செல்லில் தூய லித்தியம் உலோகம் தகடாக இருப்பதில்லை, அதனால் அந்தப் பயம் இங்கே பொருந்தாது. செல் எரியும்போது தனக்கு வேண்டிய ஆக்சிஜனில் ஒரு பங்கைத் தானே வெளிவிடுவதால், மூடி அணைக்கும் முயற்சி அவ்வளவாகப் பலிக்காது. பக்கத்துச் செல்லுக்குச் சூடு தாவாமல் குளிர்விப்பதே முக்கியம், அதற்கு நிறையத் தண்ணீர்தான் வழி. மெயின் சுவிட்சை அணைத்த பிறகே ஊற்ற வேண்டும். ஓரிரு செல்லுக்கு மேல் எரிந்தால் அணைக்கப் போராடாமல் எல்லோரையும் வெளியேற்றிவிட்டு 101-ஐ அழையுங்கள். அந்தப் புகையில் ஹைட்ரஜன் புளோரைடு உண்டு, நுரையீரலைக் கெடுக்கும்.

சோதனையில் தேறாத செல்லை மாநகராட்சிக் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். குப்பை லாரியின் அழுத்தத்தில் செல் நசுங்கித் தீப்பற்றலாம். தப்பினால் கொடுங்கையூர்க் கிடங்குக்குப் போகும், வழியில் அதைக் கையால் தொட்டுப் பிரிப்பவர்கள் தூய்மைப் பணியாளர்கள். இரு முனைகளிலும் இன்சுலேஷன் டேப் ஒட்டி, செல்லின் மேல் ‘பழுது’ என்று எழுதி, மூடி இறுக்காத மண் நிரப்பிய வாளியில் வீட்டுக்கு வெளியே போட்டு வையுங்கள். கொஞ்சம் சேர்ந்ததும் மின்கழிவு வாங்கும் அங்கீகாரம் பெற்ற நிறுவனத்திடம் கொடுத்துவிடலாம். காயலான் கடைக்கே திருப்பிக் கொடுத்தால் அது வேறொரு பையனின் டிபன் டப்பாவுக்குத்தான் போய்ச் சேரும்.