முதுகுத்தண்டு நீரில் தெரியும் கோடுகள்

“எம்.ஆர்.ஐ. எடுத்தாச்சு, மூளையில் புள்ளிகள் இருப்பதாகவும் சொல்லிவிட்டார்கள். அப்புறம் எதற்கு முதுகில் ஊசி போட்டு நீர் எடுக்கிறார்கள்?” என்று கேட்டிருக்கிறார் ஒரு வாசகர். அவருடைய தங்கைக்கு மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் (எம்.எஸ்.) இருக்கலாம் என்று சந்தேகமாம்.

நரம்பிழைகளைச் சுற்றியுள்ள மயலின் உறையை நம் நோயெதிர்ப்பு மண்டலமே தாக்குவதுதான் எம்.எஸ். பார்வை மங்கும், கை கால் மரத்துப்போகும், ஸ்கேனில் வெள்ளைப் புள்ளிகள் விழும். ஆனால் ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்கும் ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கும்கூட அப்படிப் புள்ளிகள் விழுவதுண்டு. மூளைக்குள் எதிர்ப்பொருள்கள் (ஆன்டிபாடிகள்) உற்பத்தியாகின்றனவா என்பதை, மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றியிருக்கும் நீர்தான் காட்டிக்கொடுக்கும்.

எம்.எஸ். நோயாளிகளின் இந்த நீரில் எதிர்ப்பொருள் புரதங்கள் கூடுதலாக இருப்பதை 1942இல் அமெரிக்க ஆய்வாளர் எல்வின் கபாட் குழுவினர் காட்டினார்கள். அதை இன்று கண்டுபிடிக்கும் விதம் எனக்கு மிகவும் பிடித்தமானது. ஒரு ஜெல் தகடு. அதன் ஒரு முனை அமிலம், மறுமுனை காரம், நடுவில் படிப்படியான மாற்றம். அதில் நீரை வைத்து மின்சாரம் பாய்ச்சினால் எதிர்ப்பொருள்கள் நகரத் தொடங்கும். போகப் போகச் சுற்றியுள்ள அமிலத்தன்மை மாறுவதால் அவற்றின் மின்னூட்டமும் குறையும். மின்னூட்டம் பூஜ்யமாகும் இடத்தில் அப்படியே நின்றுவிடும். கொஞ்சம் விலகினாலும் மறுபடி மின்னூட்டம் ஏறி, அதே இடத்துக்கு இழுபட்டு வந்துவிடும்! அதனால் ஒரே வகை எதிர்ப்பொருள்கள் எல்லாம் மெல்லிய கோடாக ஒடுங்கிவிடுகின்றன.

ரத்தத்தில் எண்ணற்ற வகைகள் இருப்பதால் கோடுகள் ஒன்றோடொன்று கலந்து வெறும் தீற்றலாகத் தெரியும். எம்.எஸ்.ஸிலோ, எதிர்ப்பொருள்களைத் தயாரிக்கும் பி செல்களில், மூளைக்குள் குடியேறிய சில மட்டும் பெருகித் தத்தம் வகையையே கொட்டுகின்றன. தனித்தனிக் கோடுகள் விழுகின்றன. இவைதான் ஆலிகோகுளோனல் பட்டைகள். ரத்த மாதிரியையும் பக்கத்திலேயே ஓட்டிப் பார்ப்பார்கள். ரத்தத்தில் இல்லாத கோடுகள் நீரில் இரண்டு அல்லது அதற்கு மேல் இருந்தால், அவை உள்ளேயே உற்பத்தியானவை என்று பொருள். எம்.எஸ். உள்ளவர்களில் பத்தில் ஒன்பது பேர் அளவுக்கு இது காணப்படுகிறது. வேறு சில தொற்றுகளிலும் வரும் என்பதால், இதை மட்டும் வைத்து முடிவு கட்டக்கூடாது.

முன்பெல்லாம் நோயை உறுதிசெய்ய அடுத்த தாக்குதலுக்கோ, ஸ்கேனில் புதிய புள்ளிக்கோ காத்திருக்க வேண்டியிருக்கும். எம்.எஸ்.ஸை உறுதிசெய்ய மருத்துவர்கள் பின்பற்றும் மெக்டொனால்டு விதிமுறைகளில் 2017இல் வந்த திருத்தத்தின்படி, மற்ற அறிகுறிகள் பொருந்தினால், அந்தக் காத்திருப்புக்குப் பதிலாக இந்தக் கோடுகளே போதும். சிகிச்சை சீக்கிரம் தொடங்குகிறது. இப்போது எதிர்ப்பொருளின் ஒரு துண்டான கப்பா சங்கிலியைக் கருவியிலேயே அளந்துவிடுகிறார்கள், வேகமான முறை.

முதுகில் ஊசி போட்டால் கால் விழுந்துவிடும் என்ற பயத்தில் பலர் மறுத்துவிடுவது எனக்கு வருத்தம். தண்டுவடம் இடுப்புக்கு மேலேயே முடிந்துவிடுகிறது. ஊசி இறங்குவது அதற்குக் கீழே. சிலருக்குச் சில நாள் தலைவலி வரும், அவ்வளவுதான் பெரும்பாலும்.

சரி, இந்த எதிர்ப்பொருள்கள் எதைத் தேடி அலைகின்றன? தட்டம்மைக்குப் பல ஆண்டுகள் கழித்து வரும் ஒரு மூளை அழற்சியில், கோடுகள் தட்டம்மை வைரஸையே பற்றுகின்றன. எம்.எஸ்.ஸில் அப்படிப் பொதுவான ஓர் இலக்கு இன்னும் சிக்கவில்லை. 2022இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் ஒரு நோயாளியின் நீரிலிருந்து கிடைத்த எதிர்ப்பொருள், எப்ஸ்டீன்-பார் வைரஸின் புரதத்தையும் மூளையின் கிளியல்காம் புரதத்தையும் ஒருசேரப் பற்றுவதைக் காட்டினார்கள். புது மருந்துகளுக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்காவது இந்த வேட்டைக்கும் போக வேண்டும் என்பது என் கட்சி.