யூரின்ல நில் வந்தால் சுகர் இல்லையா?

இந்த வாரமும் ஒரு பெரியவர் வந்தார். காலில் ஆறாத புண். சுகர் பார்த்தீர்களா என்றால், "போன மாசம் முகாம்ல யூரின் பார்த்தாங்க டாக்டர், நில்" என்று சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்து நீட்டுகிறார். நில் (nil) என்றால் யூரினில் சர்க்கரை இல்லை என்று அர்த்தம். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ரத்தத்தில் பார்த்தால் 214. இப்படி எத்தனை பேரைத்தான் பார்ப்பது?

ரத்தத்தில் சர்க்கரை சுமார் 180-ஐத் தாண்டினால்தான் பொதுவாகச் சிறுநீரில் இறங்கும். 160, 170 இருந்தால் சீட்டில் 'நில்' என்றுதான் வரும். வயதானவர்களுக்கு அந்த வரம்பே ஏறிப்போய், 200-க்கு மேலும் நில் காட்டலாம். அதோடு, நீங்கள் டப்பாவில் பிடித்துக் கொடுப்பது கடைசியாகப் போனதிலிருந்து சிறுநீர்ப்பையில் சேர்ந்த நீர், இந்த நிமிட நிலவரம் அதில் இல்லை. டெஸ்ட் டியூபில் சிறுநீரோடு பெனடிக்ட் கரைசலைக் காய்ச்சி பச்சையா, மஞ்சளா, செங்கல் நிறமா என்று பார்த்ததெல்லாம் குளுக்கோமீட்டர் இல்லாத காலத்துப் பிழைப்பு. அதிலும் வைட்டமின் சி மாத்திரை போட்டவருக்குச் சும்மாவே நிறம் மாறும்!

நேர்மாறாகவும் நடக்கும். கர்ப்பிணிகளுக்கு ரத்தம் சரியாக இருக்கும்போதே யூரினில் சர்க்கரை வரலாம். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்ற சுகர் மாத்திரைகள் சாப்பிடுபவர்களுக்கு யூரினில் சர்க்கரை நாலு பிளஸ் வந்தால் பதறி மாத்திரையை நிறுத்தாதீர்கள், சர்க்கரையைச் சிறுநீரில் தள்ளுவதுதான் அதன் வேலையே.

அப்புறம், சாப்பிட்ட பின் ரத்தம் கொடுக்கும் டெஸ்ட் நாளில் மட்டும் இரண்டு இட்லியோடு எழுந்துகொள்வது, மாத்திரையைத் தவிர்ப்பது, லேபைச் சுற்றி நடப்பது, நடுவில் ஒரு டீ. யாரை ஏமாற்ற? தினம் சாப்பிடுவதையே சாப்பிடுங்கள், மாத்திரை வழக்கம்போல. முதல் வாய் வைத்த நேரத்திலிருந்து இரண்டு மணி நேரம், கை கழுவியதிலிருந்து அல்ல. வீட்டில் குத்திப் பார்ப்பவர்கள் மாம்பழம் தொட்ட விரலைக் கழுவிவிட்டுக் குத்துங்கள்.

சாப்பிட்ட பின் 200 வந்தால் அத்தோடு வீட்டுக்குப் போய்விடாமல் வெறும் வயிற்றிலும், கூடவே ஹெச்பிஏ1சியும் (சுமார் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பாருங்கள். வெறும் வயிற்றில் 126-ம், ஹெச்பிஏ1சியில் 6.5-ம் சர்க்கரை நோய்க்கான வரம்பு, தொந்தரவு எதுவும் இல்லாதவருக்கு இன்னொரு முறை பார்த்து உறுதி செய்வோம்.

யூரின் டெஸ்டே வேண்டாம் என்று சொல்லவில்லை. சுகர் இருப்பவர்கள் வருடம் ஒருமுறை அல்புமின் என்ற புரதம் இறங்குகிறதா என்று பார்க்கக் கட்டாயம் கொடுங்கள், அதைத்தான் யாரும் கொடுப்பதில்லை.