வேகம் குறைந்தும் அணையாத விண்மீன்கள்

டைனமோ பொருத்திய சைக்கிளில், இரவில் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து கெடிலம் பாலத்தைக் கடந்து தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போனவர்களுக்கு ஒன்று நினைவிருக்கும். பாலத்து ஏற்றத்தில் மிதி தளர்ந்ததும் முன்விளக்கின் வெளிச்சம் மஞ்சளாகிச் சிவந்து, கடைசியில் பல்புக்குள் இழை மட்டும் கனன்று அணைந்துவிடும். டயரில் உரசிச் சுழலும் அந்தச் சிறு குப்பிக்குள் இருப்பது ஒரு காந்தம். அதன் வேகம் குறைந்தால் மின்னழுத்தமும் குறைகிறது. நியூட்ரான் விண்மீன்கள் ரேடியோ அலைகளை உமிழ்வதற்கும் இதுவே அடிப்படை.

சூரியனைவிட அதிக நிறை, கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையிலுள்ள தூரத்துக்குள், அதாவது ஏறத்தாழ 20 கிலோமீட்டர் விட்டத்துக்குள் அடங்கியிருப்பதே நியூட்ரான் விண்மீன். அதன் காந்தப்புலம் பூமியினுடையதைப் போல லட்சம் கோடி மடங்கு அளவில் இருக்கும். இவ்வளவு வலிய காந்தம் சுழலும்போது அதன் துருவங்களில் உண்டாகும் பெரும் மின்னழுத்தம் எலக்ட்ரான்களை முடுக்குகிறது. வளைந்த காந்தக் கோடுகளின் வழியே ஓடும் அவை காமா கதிர்களை உமிழ, அந்தக் கதிர்கள் காந்தப்புலத்திலேயே எலக்ட்ரான், பாசிட்ரான் (எலக்ட்ரானின் நேர்மின் எதிர்த்துகள்) இணைகளாக மாறி, அந்த இணைகள் மேலும் பல இணைகளைப் பெருக்குகின்றன. இந்தப் பெருக்கத்திலிருந்துதான் ரேடியோ கற்றை பிறக்கிறது. கற்றை பூமியின் பக்கம் திரும்பும்போதெல்லாம் நமக்கு ஒரு துடிப்பு கிடைக்கிறது. 1967இல் ஜோஸ்லின் பெல் முதன்முதலில் கண்டறிந்த துடிவிண்மீன் 1.34 நொடிக்கு ஒருமுறை துடித்தது.

சுழலச் சுழல ஆற்றல் வெளியேறுவதால் விண்மீனின் வேகம் தளர்கிறது. ஒரு சுற்றுக்கான நேரம் இரு மடங்கானால் துருவத்து மின்னழுத்தம் நான்கில் ஒரு பங்காகிறது. ஓர் எல்லைக்குக் கீழே இணைகள் உருவாவதே நின்று ரேடியோ ஒலி அடங்கிவிட வேண்டும். வானியலாளர்கள் இதை ‘மரணக் கோடு’ என்கிறார்கள்.

ஆனால் 2022இல், தென்னாப்பிரிக்காவின் மீர்காட் தொலைநோக்கியின் வழியாக, 76 நொடிக்கு ஒரு சுற்று சுழலும் நியூட்ரான் விண்மீன் ஒன்று அறிவிக்கப்பட்டது. அடங்கியிருக்க வேண்டிய வேகத்தில் அது இன்னும் ஒலிக்கிறது. அதன் மேற்பரப்புக்கு அருகே காந்தக் கோடுகள் மிகச் சிக்கலாக முறுகியிருந்தால் குறைந்த மின்னழுத்தத்திலும் இணைகள் உருவாகலாம் என்பது ஒரு விளக்கம். அதன் ஒவ்வொரு துடிப்பும் அரை நொடிக்கும் குறைவாகவே நீடிக்கிறது. மீதி நேரமெல்லாம் மௌனம். மெதுவாகச் சுழலும் விண்மீனின் கற்றை மிகவும் குறுகியது என்பதால் அது நம்மைத் தொடாமலே போவதற்கும் வாய்ப்பு அதிகம். இத்தகைய மெதுவான விண்மீன்கள் அரிதானவை என்று நெடுநாள் எண்ணியதற்குத் தேடிய முறையும் ஒரு காரணம் என்றே எனக்குத் தோன்றுகிறது: சில நிமிடங்கள் மட்டும் ஓரிடத்தை நோக்கி, வேகமான துடிப்புகளையே தேடும் கணக்கில் இத்தகைய மெதுவான துடிப்பு சிக்குவதில்லை.

ஏறத்தாழ 22 நிமிடத்துக்கு ஒருமுறை ஒலிக்கும் மற்றொரு மூலம் 2023இல் அறிவிக்கப்பட்டது. இவ்வளவு மெதுவானவற்றில் சில நியூட்ரான் விண்மீன்களாக இல்லாமல், துணை விண்மீனோடு சுற்றும் வெண்குறு விண்மீன்களாகவும் (எரிபொருள் தீர்ந்த, சூரியனைப் போன்ற விண்மீன்களின் எச்சங்கள்) இருக்கலாம் என்பதால் அதன் இயல்பு குறித்த விவாதம் தொடர்கிறது. அறிவிப்புக்குப் பின் பழைய பதிவுகளைப் புரட்டியபோது, புனேக்கு அருகிலுள்ள நம் ஜிஎம்ஆர்டி தொலைநோக்கியின் தரவுகளிலும் அதன் துடிப்பு இருந்தது. அமெரிக்கத் தொலைநோக்கி ஒன்றின் தரவுகளிலோ 1988ஆம் ஆண்டிலிருந்தே அது பதிவாகியிருந்தது.