விமானக் கடத்தல்: விமானத்தையா, விமானத்திலா?

'விமான நிலையத்தில் கடத்தல்காரர் கைது' என்று செய்தி வந்தால் யாரும் பயப்படுவதில்லை. துபாயிலிருந்து வந்தவர் தங்கத்தைப் பசையாக்கிக் காலுறைக்குள் ஒளித்திருப்பார், சுங்கத் துறையிடம் மாட்டியிருப்பார், அவ்வளவுதான். 'விமானத்தைக் கடத்தியவர் கைது' என்றால் அடிவயிறு கலங்குகிறது. இரண்டையும் பிரித்துக் காட்டுவது அந்த 'ஐ' உருபுதான். 'விமானக் கடத்தல்' என்று தொகையாக்கிவிட்டால் அதுவும் மறைந்துபோகும். இலக்கணப்படி விமானத்தைக் கடத்தல் என்றும் விரிக்கலாம், விமானத்தில் கடத்தல் என்றும் விரிக்கலாம். முதல் பொருள்தான், அதாவது ஆங்கிலத்தில் ஹைஜாக் என்பதுதான், வழக்கில் நிலைத்திருக்கிறது.

வேர் 'கட'. கடக்கச் செய்வது கடத்துவது. சொல்லில் குற்றவாடையே கிடையாது. மின்சாரத்தைக் கடத்தும் செம்பு மின்கடத்தி. வேலை செய்யாமல் பொழுதை ஓட்டுபவர் காலம் கடத்துகிறார். ஆள், மணல், தங்கம் என்று சேரும்போதுதான் அது குற்ற வழக்காகிறது. கடவுச்சீட்டில் உள்ள 'கடவு'ம், இலங்கையில் சாலையைக் கடக்கும் இடத்துக்குச் சொல்லும் 'கடவை'யும் இதே வேர்தான். ஆக, குடியேற்ற அதிகாரி முத்திரை குத்தும் சீட்டும் அவர் பயப்படும் குற்றமும் பங்காளிச் சொற்கள்!

சரி, ஹைஜாக்? அது அமெரிக்காவில் மதுவிலக்குக் காலத்தில், 1920களில் பரவிய கொச்சைச் சொல். கள்ளச்சாராய லாரியை வழிமறித்துச் சரக்கைப் பிடுங்குவதற்கு அந்தப் பெயர். 'ஹை, ஜாக்!' என்று துப்பாக்கியை நீட்டியதால் வந்தது என்பார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, ஆதாரம் இல்லை. வேடிக்கை என்னவென்றால், அங்கே கடத்தல்காரனைக் கொள்ளையடித்தவன்தான் ஹைஜாக்கர். தமிழில் இருவருமே கடத்தல்காரர்கள். 1960களில் கியூபாவுக்கு விமானங்களைத் திருப்புவது அடுக்கடுக்காக நடந்தபோது 'ஸ்கைஜாக்' என்றுகூட ஒரு சொல் கிளம்பியது. 1973 ஜனவரியிலிருந்து அமெரிக்காவில் எல்லாப் பயணிகளையும் சோதிக்கத் தொடங்கியது அதன் விளைவுதான்.

நம் சொல் எங்கே கச்சிதமாகப் பொருந்துகிறது என்றால், 1999 டிசம்பர் 24 அன்று காத்மாண்டுவிலிருந்து டெல்லிக்குக் கிளம்பிய ஐசி 814 விமானத்துக்கு. அமிர்தசரஸ், லாகூர், துபாய், காந்தகார் என்று ஊர் ஊராகக் கடத்தினார்கள். மூன்று தீவிரவாதிகளை இந்தியா விடுவித்த பிறகுதான், டிசம்பர் 31 அன்று காந்தகாரில் இருந்த பயணிகள் மீண்டார்கள். விமான நிலையக் காவல் மாநிலப் போலீசிடமிருந்து மத்தியத் தொழில் பாதுகாப்புப் படைக்கு மாறத் தொடங்கியது அப்புறம்தான். 2000இல் ஜெய்ப்பூர் முதல்.

2001 செப்டம்பர் 11க்கு இந்தச் சொல் போதவில்லை. அந்த நான்கு விமானங்களையும் வேறு ஊருக்குக் கொண்டுபோவது தாக்குதல்காரர்களின் நோக்கமே இல்லை. அங்கே நடந்தது கைப்பற்றல். 1970இல் ஹேக் நகரில் எழுதிய உடன்படிக்கையின் தலைப்பிலும் ஹைஜாக் இல்லை. 'வானூர்திகளைச் சட்டவிரோதமாகக் கைப்பற்றுதல்' என்ற பொருளில்தான் இருக்கிறது. அதன்படி, பயணிகள் ஏறி வெளிக்கதவுகளை மூடியதிலிருந்து இறங்கக் கதவு திறக்கும்வரை மட்டுமே விமானம் 'பறப்பில்' உள்ளது; அப்போது நடந்தால்தான் இந்தக் குற்றம். இந்தியாவின் 2016ஆம் ஆண்டுச் சட்டம் இதை நீட்டியது: புறப்பாட்டுக்கு முந்தைய ஆயத்தத்திலிருந்து, இறங்கி 24 மணி நேரம்வரை.

சட்ட எழுத்துக்குக் கைப்பற்றல், பேச்சுக்கும் செய்திக்கும் விமானக் கடத்தல் என்பது என் தேர்வு. 'வான்கடத்தல்' சுருக்கமானதுதான், ஆனால் வானத்தையே தூக்கிக்கொண்டு போவதுபோல இருக்கிறது.

மாட்டிக்கொண்ட விமானிக்கு எந்த மொழியிலும் சொல் தேவையில்லை. பின்னால் துப்பாக்கியோடு நிற்பவன் காதில் விழாமல் ட்ரான்ஸ்பாண்டரில், அதாவது விமானத்தின் குறியீட்டு எண்ணைத் தரைக்கு அனுப்பும் கருவியில், கடத்தலுக்கான 7500 என்று எண்ணைத் திருப்பினால் போதும். கட்டுப்பாட்டு அறைத் திரையில் அந்த விமானத்தின் பக்கத்தில் அது தெரிந்துவிடும்.